மூலையில் ஒரு தாண்டல்

முட்டுச்சந்து அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று எங்கள் ஆபீசில் யாருக்கும் நினைவில்லை. நேரில் அக்கா என்போம். அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனதும் முட்டுச்சந்து வந்து முன்னால் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கும் அது தெரியும். ஒருநாள் முன்னறையில் போன் அடித்தபோது அவளே எடுத்து, “முட்டுச்சந்துதான் பேசறேன், சொல்லுங்க” என்றாள். எதிர்முனையில் முதலாளி. என்ன சொல்வதற்காகக் கூப்பிட்டாரோ, அதை மறந்து போனை வைத்துவிட்டார்.

கணினி விளையாட்டு செய்கிற சிறிய ஆபீஸ் எங்களுடையது. கீழே டயர் கடை, மேலே நாங்கள். தெருவைப் பார்த்த முன்னறையில் முதலாளியும் ப்ரோகிராம் எழுதுகிறவனும் உட்கார்ந்திருப்பார்கள். எழுதுகிறவனை அவசரம் என்று கூப்பிடுவோம். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பான். கேள்வி முடியும் முன்னே பதிலை முடிப்பான். சன்னலை ஒட்டி இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. உள்ளறையில் அக்காவும் நானும். முன்பு யாரோ சரக்கு அடுக்கிய அறை அது, சன்னல் கிடையாது. அலமாரியைப் பிடுங்கிய இடங்களில் சுவரில் வரிசையாக ஆணித் துளைகள். கதவின் அடிப்பக்கம் தரையில் உரசும். கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் திறக்கும். அந்தச் சிரமத்துக்குச் சோம்பல்பட்டே பாதிநாள் வெளியே வரமாட்டோம். டயரிலிருந்து காற்று இறங்குகிற சத்தம் மட்டும், யாரோ பெருமூச்சு விடுவதுபோல, தரை வழியாக வந்துகொண்டிருக்கும்.

விளையாட்டுக்குள் திரையில் வந்து போகிற வாக்கியங்களை எழுதுவது என் வேலை. கத்தி உடைந்தது. கதவு பூட்டியிருக்கிறது. யாரோ உங்களைப் பார்த்துவிட்டார்கள். இந்த மாதிரி. அதனால் அவசரத்துக்கு நான் கவிஞர். அக்காவின் வேலை, அந்த விளையாட்டைக் காலையிலிருந்து மாலைவரை விளையாடி, எங்கே உடைகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது. கேட்கிறவர்களுக்குச் சொகுசான உத்தியோகமாகத் தோன்றும். சம்பளமும் கொடுத்து விளையாடவும் விடுகிறார்களா என்று அவள் பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்தாளாம். ஒரே கதவை எல்லாத் திசையிலிருந்தும் முட்டிப் பார்ப்பது, ஒரே படியில் ஏறி இறங்கி ஏறுவது, பூதத்தின் முன்னால் போய்ச் சும்மா நின்று அது அடிக்கிறதா என்று பார்ப்பது. இதை விளையாட்டென்று சொன்னால், கப்பலைத் துடைப்பதைக் கடல் பயணம் என்று சொல்லலாம்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ரோக்லைக் என்று சொல்லப்படுகிற வகை. ஒரு நிலவறை, கட்டம் கட்டமாகத் தரை. உங்கள் ஆள் ஓர் அறையில் பிறப்பான். அறை அறையாகக் கடந்து கீழே கீழே இறங்கிப் போக வேண்டும். நீங்கள் ஓர் அடி வைத்தால் அங்கிருக்கும் பூதங்களும் ஓர் அடி வைக்கும். நீங்கள் நின்றால் எல்லாம் நிற்கும். செத்தால் செத்ததுதான், விட்ட இடத்திலிருந்து தொடர்கிற பேச்சே இல்லை. மறுபடி பிறந்தால் நிலவறையும் வேறு. அறைகளையும் அவற்றைச் சுற்றி ஓடும் நடைபாதைகளையும் ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக அடுக்கித் தரும். ஆகவே வழியை மனப்பாடம் செய்ய முடியாது. ஓர் உயிரிலிருந்து அடுத்த உயிருக்கு எடுத்துப் போக முடிவது கைப்பழக்கம் ஒன்றுதான்.

ஆரம்பத்தில் அதில் தாண்டுவது கிடையாது. நடக்கலாம், அடிக்கலாம், அவ்வளவுதான். நடைபாதை ஒற்றைக் கட்ட அகலம். அதில் முன்னால் ஒரு பூதம், பின்னால் ஒரு பூதம் என்று மாட்டினால் கதை முடிந்தது. அக்கா அதைத் தன் அறிக்கையில் எழுதினாள். மாட்டிக்கொள்வதுதான் இந்த விளையாட்டின் ருசி என்று முதலாளி திருப்பி அனுப்பினார். அவள் மறுபடி எழுதினாள். மறுபடி திரும்பி வந்தது. ஒருநாள் கதவைத் தூக்கித் தள்ளிக்கொண்டு முன்னறைக்கே போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்ததால் எனக்கும் கேட்டது.

“சாகறது பரவால்ல சார். அடிச்சுட்டு சாகலாம், ஓடிட்டு சாகலாம். சும்மா நின்னுட்டு சாகக் கூடாது.”

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. எதையும் சும்மா கொடுத்துப் பழக்கமில்லாதவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, தாண்டல் வைக்கலாம், ஆனால் அது உங்கள் பொறுப்பு என்றார். அதனால் விளையாட்டு கெட்டால் பிடுங்கி எறிந்துவிடுவேன். கெடாமல் வெளியே போனால், அடுத்த விளையாட்டில் நிலவறைகளைக் கணினி அடுக்காது, நீங்கள் வரைவீர்கள். இப்படிச் சொல்லிவிட்டு சன்னலோரத்து நாற்காலியைக் கை காட்டினார்.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். வயதில் பாதியை அடுத்தவர் கட்டிய அறைகளில் முட்டிக்கொண்டே கழித்தவள். தான் கட்டிய அறையில் அடுத்தவர் ஒருநாள் முட்டிப் பார்க்கட்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டு என்பது, அதுவரை எனக்கே தெரியாது. வெளிச்சமும் வேண்டியிருந்தது. மழை பெய்கிறதா என்பதை, கீழே ஈர டயர் தேய்கிற சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம்.

தாண்டல் வந்தது. அது வந்த அதே வாரத்தில் அவசரம் இன்னொன்றும் செய்தான். அறைகள் குறுகலாக இருக்கின்றன என்று முதலாளி குறைப்பட்டதால், அறைகளை அடுக்குகிற பகுதியைத் திருத்தி எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாக்கினான். ஆபீசெல்லாம் தாண்டல் பேச்சாகவே இருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறைகள் காற்றோட்டமாக இருக்கின்றன என்று முதலாளி மட்டும் சொன்னார், நிலவறையில் என்ன காற்றோ.

பிறகு மாதக்கணக்கில் அக்கா தாண்டிக்கொண்டே இருந்தாள். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதுகு அசையாது, தோள் அசையாது. விரல்கள் மட்டும் பாத்திரம் விளக்குகிற வேகத்தில் ஓடும். ஒரு பிறவி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அவள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

வேலை முடியும் தறுவாயில், தாண்டல் எப்படி இயங்குகிறது என்று விளையாடுகிறவர்களுக்கு விளக்கும் பக்கத்தை எழுதச் சொன்னார்கள். அன்று பார்த்து அக்கா முழங்கால் வீங்கி லீவில் இருந்தாள். உடனே வேண்டும் என்று அவசரம் கழுத்தில் கத்தி வைக்காத குறையாக நின்றதால், முகவரி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.

ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. அறையின் பெரும்பகுதியைக் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டிலை அவள் கணவர் பிடித்துக்கொண்டிருந்தார். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை அவருக்கு. பகலெல்லாம் தூக்கம். சன்னலில் கனமான போர்வை ஒன்றை ஆணியடித்து வெளிச்சத்தை அடைத்திருந்தார்கள். நான் வாசலில் நின்றதுமே அக்கா உதட்டில் விரலை வைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சைகை காட்டினாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க நடுவில் துணி மடித்து வைத்திருந்தாள். குக்கர் விசிலடிக்கப் போகிற நேரம் அவள் காதுக்குத் தெரியுமாம். அதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவாளாம். அவள் வரும்போது அவர் கிளம்புவார், அவர் வரும்போது அவள் கிளம்புவாள். வாசலில் சாவி கைமாறுகிற நேரம்தான் நாங்கள் குடும்பம் நடத்துகிற நேரம் என்று ஆபீசில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். லீவு நாள்தான் அவளுக்குக் கஷ்டம். அன்று முழுக்க மூச்சைக்கூட எண்ணெய் போட்டு விட வேண்டும்.

சமையலறைத் தரையில் சதுரம் சதுரமாகக் கல் பதித்திருந்தது. வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு டம்ளர் மூடியை ஒரு கல்லின் நடுவே வைத்தாள். அது நம் ஆள். அடுத்த கல்லில் ஒரு வெங்காயம், அது பூதம். மூடியை எடுத்து வெங்காயத்துக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் வைத்தாள். அவள் கிசுகிசுக்க, நான் எழுதிக்கொண்டேன்.

நடுவில் ஒரே ஒரு கட்டத்தைத் தாண்டலாம். அந்தக் கட்டத்தில் குழி இருந்தாலும் நெருப்பு இருந்தாலும் பூதமே நின்றாலும் பரவாயில்லை. இறங்குகிற கட்டம் காலியாக இருக்க வேண்டும். அது இருட்டில் இருந்தாலும் தாண்டலாம். ஆனால் அங்கே ஏதாவது நின்றிருந்தால் மோதி, அடிபட்டு, கிளம்பிய இடத்திலேயே வந்து விழ வேண்டியதுதான். இறங்கியதும் மூச்சு வாங்கும். எல்லாப் பூதங்களும் ஓர் அடி வைக்கும்வரை நீங்கள் அசைய முடியாது. பை கனமாக இருந்தால் தாண்ட முடியாது. ஏதாவது ஒன்று உங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் முடியாது. முதலில் அந்தப் பிடியை உதற வேண்டும்.

தாண்டுவதற்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்டேன். எல்லாம் அவளே கேட்டுப் போடவைத்த விலங்குகள்தானாம்.

“ரொம்ப நல்லா இருந்தா சார் எடுத்துடுவாரு. கொஞ்சம் வலிச்சாத்தான் விட்டு வெப்பாரு.”

பிறகு நான்கைந்து தீப்பெட்டிகளை எடுத்து ஒரு மூலை கட்டினாள். இது சுவர். நேராகப் போய்த் தாண்டினால் சுவர் விடாது. மூலைக் கட்டத்தில் நின்று கோணலாகத் தாண்டினால் மட்டும் விடும். மூடி தீப்பெட்டிக்கு மேலாகப் போய் அந்தப் பக்கத்து நடைபாதையில் இறங்கியது. இதைச் சொல்லும்போது அவள் குரலில், சொந்தக்காரர் வீட்டுப் பின்வாசல் தெரிந்தவளின் பெருமை கொஞ்சம் இருந்தது. மூலையில் மட்டும் ஏன் என்றேன்.

“அது ஒரு நல்ல மனசு. எங்கயும் போக முடியாதவன் மூலைக்குத்தான வருவான்?”

அறையில் கட்டில் முனகியது. யாரு, என்று அவள் கணவரின் குரல் வந்தது.

“ஆபீஸ் தம்பி. தாண்டறது எப்படின்னு சொல்லிட்டு இருக்கேன்.”

“மெதுவா தாண்டச் சொல்லு” என்றுவிட்டு அவர் மறுபடி தூங்கிப்போனார்.

நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை அவசரம் மறுநாள் நின்றபடியே படித்தான். பாதியில் அவன் கண் ஓரிடத்தில் நின்றது. அவன் எங்கும் நிற்பவன் இல்லை.

“இது என்ன கவிஞரே? மூலையில சுவரத் தாண்டலாமா? நம்ம ஆளு என்ன பல்லியா?”

அக்கா சொன்னாள் என்றேன். அக்கா நொண்டிக்கொண்டே முன்னறைக்கு வந்து, அவன் கணினியிலேயே தாண்டிக் காட்டினாள். அவன் தன் எழுத்தைத் திறந்து பார்த்தான். நேரான நான்கு திசைகளில் குறுக்கே சுவர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தான். கோணலான நான்கையும் மறந்திருந்தான். இத்தனை மாதம் அது அவனுக்குத் தெரியாது. அவன் ருசி பார்க்காத சமையல்காரன். முதல் அறைக்கு அப்பால் தன் விளையாட்டை அவன் விளையாடியதே இல்லை. அவன் வேண்டுமென்றே வைத்த கருணை என்று அக்கா நினைத்திருந்தாள். பழுது தேடுவதே வேலையாக இருந்தவளுக்கு, தனக்கு நல்லது செய்த ஒன்றைப் பழுது என்று சந்தேகிக்கத் தோன்றவில்லை. ஒரு வார்த்தை அவனிடம் கேட்டிருக்கலாம். நடுவில் ஒரு கதவுதான்.

முதலாளி எழுந்து வந்து பார்த்தார். சுவருக்கு மரியாதை இல்லாத நிலவறை என்ன நிலவறை என்றார். தாண்டலை எடுத்துவிடு என்று அவசரத்திடம் சொன்னார். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல மனசு என்று என்னிடம் சொன்னதை அங்கே சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“மூலைய அடைச்சுடலாம் சார்,” என்றாள். “தாண்டல் இருக்கட்டும்.”

அவசரம் சாப்பாட்டு நேரத்துக்குள் அடைத்துவிட்டான். ஒரே ஒரு வரி.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒன்றைத் திருத்தினால், திருத்திய இடத்தை மட்டும் பார்ப்போம். முழு விளையாட்டையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. இதற்கென்றே ஒரு சோதனை அறை வைத்திருந்தார்கள். கணினி அடுக்குவது அல்ல, கையால் ஒழுங்காகக் கட்டியது. நான்கு மூலை, ஒரு கதவு. அக்கா அதில் ஆளை இறக்கி ஒவ்வொரு மூலையிலும் கோணலாகத் தாண்டினாள். ஒவ்வொரு முறையும் ஆள் மோதி விழுந்தான். சுவர் அசையவில்லை என்று திரையில் என் வாக்கியம் வந்தது. எல்லா மூலையும் அடைபட்டுவிட்டது என்று அவள் எழுதிக் கொடுக்க, விளையாட்டை வெளியிடப்போகிற நிறுவனத்துக்கு அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து வந்த நாட்களில் அக்கா தண்ணீர் பிடிக்க அடிக்கடி போனாள். போகும்போதெல்லாம் சன்னலோரத்தில் கொஞ்சம் நிற்பாள். ஒருமுறை புடவைத் தலைப்பால் கண்ணாடியில் ஒரு கை அகலத்துக்குத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டிடத்து மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் காட்சி. உள்ளறைக்குத் திரும்பியதும், எனக்கென்று அறை வரையச் சொன்னால் முதல் அறையைச் சின்னதாகத்தான் வரைவேன் என்றாள். பிறந்ததும் மலைத்துப்போகக் கூடாதாம். கணவரிடம்கூடச் சொல்லிவிட்டாளாம். சன்னல் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருமே என்று அவர் கவலைப்பட்டாராம்.

பதில் வந்த அன்று முதலாளி எல்லோரையும் முன்னறைக்குக் கூப்பிட்டார். யாரையும் உட்காரச் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் ஆட்கள் விளையாடிப் பார்த்து எழுதியிருந்ததை அவரே வாய்விட்டுப் படித்தார்.

சில சமயம் ஆட்டம் தொடங்கும் அறைக்குக் கதவே இல்லை. நான்கு பக்கமும் சுவர். ஆள் சுற்றிச் சுற்றி நடக்கிறான். அடித்துக் கொல்ல ஒரு பூதம்கூட வருவதில்லை. கடைசியில் பட்டினி கிடந்து சாகிறான். அப்போது திரையில் வரும் வாக்கியம் அருமையாக இருக்கிறது.

அந்தப் பாராட்டை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

அவசரம் அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். அறைகளைப் பெரிதாக்கியபோது, பக்கத்து அறையின் சுவர் சில சமயம் இந்த அறையின் கதவு மேல் வந்து படிந்துவிடுகிறது. மாதக்கணக்காக இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. முதலாளி அக்காவைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. இத்தனை மாதம் நீங்கள் இதில் எத்தனை தடவை பிறந்திருப்பீர்கள் என்று கேட்டார். அக்கா பதில் சொல்லும் முன்னே அவள் வலது கையின் விரல்கள் பக்கவாட்டில், காற்றில், எதையோ தட்டின. மேலே, பக்கம், கோணல். அதை அவர் பார்த்தாரா தெரியாது. நான் பார்த்தேன். அவள் அறையைப் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தாள். பிறந்த உடனே கிட்டே இருக்கிற மூலைக்குப் போவது, கோணலாகத் தாண்டுவது, நடைபாதையில் இறங்கி வேலையைத் தொடங்குவது என்று அவள் கை ஆகிவிட்டிருந்தது. கதவுள்ள அறையும் கதவில்லாத அறையும் அவளுக்கு ஒன்றுதான்.

“ஒரு தடவகூடக் கதவு இல்லன்னு தெரியலயா?”

“வெளிய வந்துட்டேனே சார்,” என்றாள். “வெளிய வந்தப்புறம் யாரு கதவப் பாக்கறா?”

அறை அடுக்குகிற பகுதியைச் சரியாகத் திருத்துவதென்றால் எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டும். சொன்ன தேதிக்குள் நடக்காது. அவசரம்தான் வழி சொன்னான். மூலையைத் திறந்துவிடலாம். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும். பழுது என்று சொல்லாமல் விதி என்று சொல்லிவிடலாம், கவிஞர் ஏற்கெனவே எழுதியும் வைத்திருக்கிறார். தாண்டலைப் பிடுங்கச் சொன்ன முதலாளி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இப்போது தாண்டலைப் பிடுங்கினால் பாதிப் பேர் பிறந்த அறையிலேயே செத்துப்போவார்கள். அப்படியாகத் தாண்டல் பிழைத்தது. அக்கா கேட்டு வாங்கியது எதுவோ அது வெளியே போகப்போகிறது. அவள் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். முதலாளி அதை விடவில்லை.

“நாற்காலியப் பத்திப் பேசிடலாம்” என்றார். கதவில்லாத அறையை மாதக்கணக்காகப் பார்க்காதவரிடம் அறை வரையும் வேலையை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

“தாண்டல் கெடுக்கல சார். தாண்டல்தான் காப்பாத்துச்சு.”

“தாண்டல் காப்பாத்துச்சு. நீங்க பாக்கல.”

அறைகள் என் தப்பு சார் என்று அவசரம் நடுவில் சொன்னான். அவன் அப்படிச் சொன்னதை அக்கா கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் முதலாளி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அவன் தப்பு பண்ணுவான்னுதான உங்கள உள்ள வெச்சிருக்கேன்.”

அக்கா உள்ளறைக்கு வந்து உட்கார்ந்தாள். கீழே யாரோ டயரை உருட்டிப் போட்டார்கள், மேசை அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பாராட்டு வாங்கிய வாக்கியம் எது என்று என்னிடம் கேட்டாள். அவள் ஒருமுறைகூட அந்த அறைகளில் பட்டினி கிடந்து செத்ததில்லை என்பதால் அதைப் பார்த்ததே இல்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. பசி உங்களுக்கு முன்பே இந்த அறைக்கு வந்துவிட்டது என்று சொன்னேன். ம், நல்லாத்தான் இருக்கு என்றாள். அவள் கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அன்று மாலை வாசலில் சாவி கைமாறும்போது கணவர் கேட்டாராம், சன்னலோரத்தில் உட்கார்ந்தாயா என்று. இல்லை என்றாளாம். அவருக்குப் பஸ் போய்விடும். படியிறங்கிக்கொண்டே, சோறு மூடி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

விளையாட்டு வெளியே போய் ஓரளவு ஓடியது. மூலையில் தாண்டுகிற வித்தையைச் சிலர் சிலாகித்தும் எழுதினார்கள். எந்த மூளைக்குத் தோன்றியதோ என்று ஒருவர் வியந்திருந்தார். அவசரம் அதை அச்செடுத்துக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தான். அவள் அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தாள்.

அடுத்த விளையாட்டுக்கு ஒரு பெண் வந்தாள். படிப்பு முடித்த கையோடு வந்தவள், நல்ல பிள்ளை, யாரிடமும் சிரித்துப் பேசுவாள். சன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் நிலவறையை வரைந்து முடித்துவிட்டு, அதைக் காட்ட உள்ளறைக்கு வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அறைகள் விசாலமாக, அழகாக இருந்தன. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அக்கா திரையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சுட்டுவிரலால் ஒவ்வொரு அறையையும் சுற்றிவந்தாள்.

“இதுல தாண்டல் இருக்கா?”

“இல்லக்கா. சார் வேணாம்னுட்டாரு.”

அக்கா தலையாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீ போய் அடுத்தத வரையும்மா. நான் இதுல எறங்கறேன். மாட்டிக்கிட்டா கூப்புடுவேன், வந்து தொற.”

அந்தப் பெண் சிரித்தாள். அக்கா ஆளை முதல் அறையில் இறக்கினாள்.